ஐசக் படிக்காத பதிவு

காலிங் பெல்.

ஐசக்கின் விரல் கீபோர்டின் மேல் அப்படியே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை. "தலைவலி, நீ போ" என்று பொய் சொல்லி மனைவி யூனிஸை சர்ச்சுக்கு அனுப்பிவிட்டு, கிழக்குத் தாம்பரம் வீட்டில் பழைய லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். அதில்தான் அவனுடைய ரீடர் ஓடியது. பிடித்த வலைப்பதிவுகளில் புதிதாக எது வந்தாலும் இழுத்து வந்து, ஒரே பக்கத்தில் தலைப்பு தலைப்பாகக் காட்டும். அடுத்தவன் சர்வரை நம்பாமல், கண்டெய்னர் என்கிற தனி டப்பாவுக்குள் அவனே போட்டு ஓட்டியது. செய்வது கட்டட இன்ஜினீயர் வேலை. கிறுக்கு கம்ப்யூட்டர் மேல்.

அந்தக் கண்டெய்னரை இப்போதுதான் அழித்திருந்தான்.

மறுபடியும் பெல்!

கதவைத் திறந்தால்... இன்ஸ்பெக்டர் ஜெயஸ்ரீ. பின்னால் சைபர் எஸ்.ஐ. ஸ்ரீவத்சன்.

"உங்க ஃபிரெண்ட் இளமாறன் விஷயமா வந்தோம் சார்."

"உள்ள வாங்க மேடம். நேத்துலேர்ந்து எனக்குச் சோறே இறங்கல."

அது மட்டும் நிஜம்.

நேற்று சாயங்காலம், பெருங்களத்தூரில் ஐசக் கட்டிக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்டின் ஐந்தாவது மாடியிலிருந்து இளமாறன் விழுந்து செத்தான். ஏரிகளைப் பற்றி வலைப்பதிவு எழுதுகிறவன். போட்டோ எடுக்கும்போது கால் தவறிவிட்டது என்று எல்லோரும் நம்பினார்கள்.

ஜெயஸ்ரீ தவிர.

"நாலு முப்பத்தஞ்சுக்கு விழுந்திருக்கார். வாட்ச்மேன் பார்த்திருக்கார். ஆனா நாலு நாப்பதுக்கு அவர் போன்லேர்ந்து கடைசிப் பதிவு டெலீட் ஆகியிருக்கு. செத்தவர் எப்படி சார் டெலீட் பண்ணுவார்?"

ஐசக் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீங்கதான் அவரோட முதல் வாசகர்னு அவரே எழுதியிருக்கார். உங்க ரீடர்ல அதோட காப்பி இருக்கணுமே?"

"ரீடரையே தூக்கிட்டேன் மேடம். பார்த்தாலே அவன் ஞாபகம்..."

ஸ்ரீவத்சன் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தான். தட்டினான். சிரித்தான்.

"நீங்க தூக்கினது கண்டெய்னரை மட்டும்தான் சார். டேட்டா தனியா, வால்யூம்ங்கிற வேற இடத்துல இருக்கு. சமையல்காரரை அனுப்பிட்டீங்க, குழம்பு ஃபிரிட்ஜ்லயே இருக்கு."

எத்தனை தடவை அப்டேட் செய்தாலும் ஒரு பதிவுகூடப் போகக்கூடாது என்று, மூன்று வருடம் முன்னால் அவனே செய்துவைத்த ஏற்பாடு. பதற்றத்தில் மறந்தே போனான்.

புதுக் கண்டெய்னர் ஓடத் தொடங்கியது. பக்கம் வந்தது.

படிக்காதவை: 1.

'என் நண்பன் ஐசக் செய்த காரியம்.'

ஐசக் தரையில் சரிந்தான்.

"நான்தான் மேடம்... நான்தான் தள்ளினேன்."

"ஏன்?"

"அந்த அபார்ட்மென்ட் ஏரி வாய்க்கால் மேல நிக்குது. தெரிஞ்சே சரின்னு கையெழுத்துப் போட்டேன். ஒரு வருஷமா தூக்கமில்ல. நேத்து மாடியில, 'மச்சான், உன்னைப் பத்தி எழுதியிருக்கேன், படி'ன்னு சிரிச்சான். என் போனை எடுத்து ரீடரைத் திறந்தேன். தலைப்பைப் பார்த்தேன்..."

"உள்ள படிக்கல?"

"தைரியம் வரல. கண்டுபிடிச்சிட்டான்னு நினைச்சேன். கை தானா போயிடுச்சு. அவன் போன் சுவர் மேல திறந்தே இருந்துச்சு. அழிச்சேன்."

ஜெயஸ்ரீ பதிவைத் திறந்து வாசித்தாள்.

"'இந்த வலைப்பதிவுக்கு இன்றோடு ஐந்து வயது. கம்ப்யூட்டர் என்றாலே பயந்த எனக்கு, கூடவே உட்கார்ந்து எல்லாம் செய்து கொடுத்தவன் ஐசக். ஏரியைப் பற்றி எழுதுடா என்று முதலில் சொன்னவனும் அவன்தான். நன்றி மச்சான்.'"

ஜெயஸ்ரீ நிமிர்ந்தாள்.

"கையெழுத்தைப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்ல சார். அவருக்குத் தெரியவே தெரியாது. எனக்கே இப்ப நீங்க சொல்லித்தான் தெரியும்."

"அதுக்குத்தான் சிரிச்சானா..." ஐசக் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். "பாவி நான்... பாவி..."

ஜீப்பில் ஏறும்போது கேட்டான்.

"அந்தப் பதிவை ஒரு தடவை நானே படிச்சுக்கட்டுமா மேடம்?"

"அது இனிமே எவிடென்ஸ் சார்." ஜெயஸ்ரீ கதவைச் சாத்தினாள். "புழல் ஜெயில்ல லைப்ரரி இருக்கு. நேரமும் நிறைய இருக்கும். அங்கேயாவது தலைப்போட நிறுத்திடாதீங்க!"