பின் சீட்டில் சாம்பல் திட்டு

ஆளில்லாத பின் சீட்டில் மெஷின் ஒரு முகத்தை மறைத்து வைத்திருந்தது.

பிலிஸ் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மெஷின் என்றால் தப்புச் செய்யும். அந்தத் தப்பைப் பிடிக்கத்தானே ஹடப்சர் பக்கத்துப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் அவளை வேலைக்கு வைத்திருந்தார்கள். அங்கே தானாக ஓடும் கார் ஒன்றைச் சாலைக்குப் பழக்கிக்கொண்டிருந்தார்கள். காரின் கேமராக்களில் விழும் எவர் முகமும் வெளியே தெரியக் கூடாது என்பது கண்டிப்பு. அதனால் படம் காரைவிட்டுக் கிளம்பும் முன்பே மெஷின் ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு சாம்பல் திட்டைப் பூசிவிடும். பிறந்தநாள் பேனரில் கும்பிட்டு நிற்கும் தலைவர்களையும் விடாது, ரஞ்சன்காவ் கோயில் வாசலில் விற்கிற பிள்ளையார் படத்தையும் விடாது. இப்படி வேண்டாத இடத்தில் திட்டு விழுந்தால், பிலிஸ் அதைத் தொட்டு 'முகம் இல்லை' என்ற பொத்தானை அழுத்துவாள். திட்டு விலகும். மெஷினும் பாடம் படித்துக்கொள்ளும். அவள் சொன்னதுதான் அதற்கு வேதம்.

காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது அவள் கணவன் வால்டர். கார் தானே ஓடினாலும் ஆபத்துக்குப் பிரேக் போட ஒரு மனிதன் வேண்டுமே. கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன், அந்த வேலை போய் இரண்டு வருடம் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பேச்சு நின்றது, சிரிப்பு நின்றது. ஒரு ராத்திரி மாடிக் கைப்பிடிச் சுவரில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பயம் பிலிஸுக்கு இன்னும் போகவில்லை. மூன்று மாதத்துக்கு முன் இந்த வேலை வந்த பிறகுதான் மனுஷன் மறுபடி மனுஷனானான்.

ரஞ்சன்காவ் தொழிற்பேட்டைச் சாலையில் அவன் போய்வருவதை அவள் நாள் முழுக்கத் திரையில் பார்ப்பாள். முகம் மட்டும் தெரியாது. ஆனாலும் தோளைப் பார்த்தே பசியா, தூக்கமா, கோபமா என்று சொல்லிவிடுவாள். இருபத்தாறு வருடக் குடித்தனம் சும்மாவா?

அந்தத் திங்கட்கிழமை இரண்டாவது திட்டு வந்தது. வால்டரின் இடது தோளுக்குப் பின்னால், ஒரு ஆள் உட்கார்ந்தால் தலை இருக்கும் உயரத்தில். கீழே உடம்பு இல்லை. சீட்டின் தையலும், மடித்துப் போட்ட மழைக்கோட்டும் தெளிவாகத் தெரிந்தன. பிலிஸ் பொத்தானை அழுத்தினாள். திட்டு விலகியது. பத்து நிமிடத்தில் திரும்ப வந்தது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள். "ஏங்க, இன்னைக்குப் பின்னாடி யாரையாச்சும் ஏத்துனீங்களா?"

"அரே, யார ஏத்துறது? ஏத்துனா நௌக்ரி காலி, வேலை போயிரும்." வால்டர் சிரித்துக்கொண்டே சப்பாத்தியைப் பிய்த்தான். "பின்கழுத்துல மட்டும் ஏசி ஜாஸ்தி அடிக்குது. பரஃப் கட்டி வச்ச மாதிரி சில்லுனு இருக்கு."

அந்தக் காரில் பின்பக்கம் ஏசித் துளையே கிடையாது. மனுஷன் சிரிக்கிறானே என்று பிலிஸ் விட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை திட்டு முன்னால் நகர்ந்திருந்தது. இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவில், வால்டரின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. வால்டரின் தலை அந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது, யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்பது போல. அவன் பதில் பேசுகிறானா என்று பார்க்க முடியாது. வாயும் திட்டுக்குள்தான் இருந்தது. காரின் ஒலியை அவர்கள் சேமிப்பதில்லை.

ஆய்வு மாணவி கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். கோயம்புத்தூர்ப் பெண், பயந்த சுபாவம் கிடையாது.

"வெளிச்சம் பட்டு ஏமாறுதுங்க ஆன்ட்டி. சீட்டோட தலைகாணியப் போயி மூஞ்சிங்குது. 'இல்லை'ன்னு அமுத்தியுடுங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எழுதி மேல அனுப்புனா கமிட்டி வண்டிய நிறுத்திப் போடுவாங்க. அங்கிளுக்குத்தான் கஷ்டம்."

வண்டி நின்றால் வால்டர் மறுபடி வீட்டுச் சுவரைப் பார்ப்பான். அல்லது மாடிச் சுவரில் உட்காருவான். பிலிஸ் அழுத்தினாள். அன்று மட்டும் பதினேழு தடவை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். ஆனால் இங்கே அரண்டது அவள் இல்லை, மெஷின். அதற்கு ஏது பயம்?

புதன்கிழமை மதியத்திலிருந்து விடாத மழை. நான்கரை மணிக்கே ஆய்வுக்கூடம் இருட்டிவிட்டது. சாலையில் தண்ணீர் ஏறுகிறது என்று கிருஷ்ணப்ரியாவும் மற்றவர்களும் முன்பே கிளம்பியிருந்தார்கள். வால்டர் வந்ததும் ஸ்கூட்டரில் சேர்ந்து போகலாமென்று பிலிஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். கீழே வண்டிகள் நிறுத்தும் தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம், பக்கத்து அறையில் கம்ப்யூட்டர்கள் ஒரே சுருதியில் முனகும் சத்தம், ஈரச் சாக்ஸும் கொசுவத்தியும் கலந்த ஒரு வாடை, அதற்கும் அடியில், பல நாள் பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்தாற்போல இன்னொரு வாடை. அது எங்கிருந்து வருகிறதென்று அவள் மூக்கைச் சுளித்துத் தேடினாள். ஜன்னலும் கதவும் சாத்தித்தான் இருந்தன.

திரையில் கார் திரும்பி வந்துகொண்டிருந்தது. வைப்பர் ஆடியது. பின் சீட்டில் திட்டு இல்லை. சீட்டுகளுக்கு நடுவிலும் இல்லை.

அப்பாடா என்று சாய்ந்தவள் நிமிர்ந்தாள். வால்டரின் முகத்தின் மேல் இருந்த திட்டு இன்று தடிமனாக இருந்தது. ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒரு திட்டல்ல, இரண்டு. ஒன்றன் மேல் ஒன்று. ஒட்டிக்கொண்டு.

வால்டரின் கைகள் மடியில் கிடந்தன. விரல்கள் வெட்டி வெட்டி இழுத்தன.

"கர்த்தரே!" பிலிஸ் சுட்டியைப் பிடித்தாள். விரட்ட வேண்டும். மூன்று நாளாக அழுத்தினால் விலகுகிறது, இப்போதும் விலகும். இரண்டில் எது அது? பார்த்தால் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மேலே தெரிந்ததைத் தொட்டு அழுத்தினாள்.

'முகம் இல்லை.'

திட்டு விலகியது. விரல்கள் இழுப்பது நின்றது. மூன்று மாதத்தில் முதல் முறையாக வால்டரின் முகம் திரையில் தெரிந்தது. அதே மீசை, அதே தழும்பு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வால்டர் நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

அப்புறம்தான் உறைத்தது. முகம் என்றால் மெஷின் மறைத்திருக்க வேண்டும். ஏன் மறைக்கவில்லை? அவள் விலக்கியது ஒன்றைத்தானே, இன்னொரு திட்டு எங்கே?

கண் பின் சீட்டுக்குப் போனது.

அங்கே ஒரு திட்டு. மூலையில், கதவோடு ஒடுங்கி. ஜன்னல் கண்ணாடியில் மோதியது. விலகியது. மறுபடி மோதியது.

வால்டருக்குப் போன் போட்டாள். அழைப்பைக் காரின் ஸ்பீக்கர்தான் எடுக்கும். எடுத்தது.

"ஏங்க!"

ஓட்டுநர் சீட்டில் இருந்த முகம் அசையவில்லை. பின் சீட்டில் இருந்த திட்டு சட்டென்று திரும்பியது. அவளை நோக்கி.

"இதோ வந்துட்டேன், பிலிஸ்," என்றது வால்டரின் குரல். முன் சீட்டிலிருந்து. வாய் சிரித்தபடியே இருந்தது.

கீழே தகரக் கூரைக்கு அடியில் கார் வந்து நின்றது. கதவு திறந்து மூடியது. பூட்டும் சத்தம். ஓடிவிடலாம் என்று எழுந்தாள். இறங்க இருப்பது ஒரே படிக்கட்டு. அதில் காலடி கேட்டது. வால்டரின் நடைதான். சொட்டச் சொட்ட. அவசரமே இல்லாமல்.

திரையில் பின் சீட்டுத் திட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் இருக்கிறேன் என்று சொல்ல நிஜ வால்டருக்கு இருந்தது அந்தத் திட்டு ஒன்றுதான். நான் அழுத்த மாட்டேங்க. சத்தியமா மாட்டேன். செத்தாலும் அழுத்த மாட்டேன். பிலிஸ் சுட்டியைவிட்டுக் கையை எடுக்கப் போனாள்.

முதுகுக்குப் பின்னால் அந்த வாடை. பின்கழுத்தில் குளிர்.

ஈரமான ஒரு கை அவள் கையின் மேல் மெதுவாக உட்கார்ந்தது. கல்யாண மோதிரம் போட்ட கை. சுட்டியைத் திட்டின் மேல் நகர்த்தி, அவள் விரலை அதன் விரல் அமுக்கியது.

"வேலை முடிஞ்சுதா? வீட்டுக்குப் போலாம்."

திட்டு விலகியது. பூட்டிய காரின் பின் சீட்டில் தையல் தெரிந்தது. மழைக்கோட்டு தெரிந்தது. யாரும் இல்லை.

கண்ணாடியில் மட்டும், உள்பக்கமாக, மூச்சுப் பட்டுப் பட்டு வெள்ளையாக ஆவி படர்ந்துகொண்டிருந்தது.