சுண்ணாம்பு மாத்திரை

"ஐயோ... ஐயா!"

முனிர்கா அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது மாடியிலிருந்து கிளம்பிய அலறல், ஜனவரிப் பனிமூட்டத்தைத் தாண்டி, கீழே பால் பூத் வரிசையில் நின்றவர்கள் காதுவரை போயிற்று.

1999. செவ்வாய்க்கிழமை. காலை ஏழு இருபது.

அலறியவள் தாயம்மாள். முப்பத்தெட்டு வயசு. கட்டட வேலைக்கு வந்த கணவன் தர்மனோடு விழுப்புரம் பக்கத்திலிருந்து டில்லி வந்து, குடிசை போட்டு, தமிழ்க்காரர் வீடுகளில் வேலை செய்து பிழைப்பவள். ஹிந்தி வராது.

பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்தவர் குழந்தைசாமி. மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். எழுபத்தொன்று. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். கண் திறந்திருந்தது. வாயோரம் நுரை. உடம்பு ஜில்லிட்டிருந்தது.

பக்கத்து ஸ்டூலில் ஒரு டம்ளர் பால்.

பாலின் அடியில் கரையாத வெள்ளைத் தூள்!

நொய்டாவிலிருந்து அடித்துப் பிடித்து வந்த மகன் மதன் அப்பாவைப் பார்த்தான். டம்ளரைப் பார்த்தான். தாயம்மாளைப் பார்த்தான். போலீசுக்குப் போன் போட்டுவிட்டான்.

பெண் கான்ஸ்டபிள் சோதனை போட்டபோது தாயம்மாளின் முந்தானை முடிச்சில் ஒரு காகிதப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே பெரிய பெரிய வெள்ளை மாத்திரைகள். பெயர் இல்லை, லேபிள் இல்லை. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தால் விடுவானா? துணியில் கட்டி, அரக்கு உருக்கி, சீல் வைத்து, ஸ்டேஷனில் பறிமுதல் சாமான்கள் வைக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கும் ஒரு சீல்.

போச்சு. தாயம்மாளின் உயிரே அந்தப் பொட்டலத்துக்குள்தான் இருந்தது.

விஷயம் இதுதான். போன மாதம் அவளுக்குக் கழுத்தில் ஆபரேஷன். எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியிருந்த கட்டியைப் பார்த்து மற்ற வீட்டுக்காரர்கள் அவளை வேலையை விட்டு நிறுத்த, குழந்தைசாமி மட்டும்தான் நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், அவளோடு வரிசையில் நின்றார். தைராய்டை முழுசாக எடுத்துவிட்டார்கள். அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு அரிசி அரிசியாக நாலு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்வது அவைதான். எத்தனை கைதேர்ந்த டாக்டர் செய்தாலும் சில பேருக்கு அவை அடிபட்டுப் போகும். தாயம்மாளுக்குப் போய்விட்டது.

அங்கே நர்ஸாக இருந்த கோமளா தமிழச்சி. அவள்தான் தாயம்மாளை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். இது சுண்ணாம்புச் சத்து மாத்திரை, தினம் மூன்று வேளை, ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டால் முதலில் உதடு மரத்துப் போகும், பிறகு விரல், பிறகு கை தானாக இழுத்துக்கொள்ளும், கடைசியில் தொண்டை அடைத்துவிடும் என்றாள். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மாத்திரையைப் பெரிய டப்பாவிலிருந்து எண்ணிக் காகிதத்தில் மடித்துத்தான் கொடுப்பார்கள். அதனால்தான் பெயர் இல்லை.

முழுங்கினால் தொண்டை வலித்தது. பொடித்துப் பாலில் கலந்து குடித்தாள். காலை வேளை மாத்திரையைத் தன் கண் முன்னால்தான் குடிக்க வேண்டும் என்பது குழந்தைசாமியின் உத்தரவு. இல்லாவிட்டால் வேலை மும்முரத்தில் மறந்துவிடுவாளாம். பெற்ற அப்பன்கூட அவளை அப்படி அதட்டியதில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டையும் அவரே பத்திரமாகத் தன் பீரோவில் வைத்திருந்தார்.

அன்றும் டம்ளரோடு வந்து, ஸ்டூலில் வைத்து, "ஐயா" என்று கூப்பிட்டாள். அவர் எழுந்திருக்கவில்லை.

ஆக, டம்ளர் அவளுடையது. செத்தவர் அதைத் தொடவே இல்லை. சீட்டு, சீல் வைத்த வீட்டுக்குள். மாத்திரை, சீல் வைத்த பொட்டலத்துக்குள்.

இதையெல்லாம் அவள் சொல்லாமல் இருந்தாளா? சொன்னாள். தமிழில் சொன்னாள்.

ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் தஹியா ஹரியானாக்காரர். ஒரு எழுத்து புரியவில்லை. பெண் கான்ஸ்டபிள் சந்தோஷுக்கும் புரியவில்லை. ஆனால் அந்த ஸ்டேஷனுக்கு ஒரு அதிர்ஷ்டம்... தமிழ் பேசுகிற சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் இருந்தார்.

ஜோதிலிங்கம்!

திண்டுக்கல்காரர். பதினெட்டு வருஷ டில்லி சர்வீஸ். மதராசி கேஸ் எது வந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். 'நம்ம ஜனங்களைப் பத்தி என்னைக் கேளுங்க' என்று அவரும் மார்தட்டிக்கொள்வார். கெட்டவர் இல்லை. லஞ்சம் வாங்கமாட்டார். தாயம்மாளுக்காக லோதி ரோடு மெஸ்ஸிலிருந்து தன் கைக்காசில் இட்லி வாங்கிவரச் சொன்னவர் அவர்தான்.

ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார். அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"ஐயா, அது எஞ் சுண்ணாம்பு மாத்தரங்கய்யா. நேத்து ராத்திரி முழுங்குனதுதான் கடேசி. அத்த முழுங்கலன்னா நான் செத்துப் போயிருவேன்."

"முழுங்கினாத்தான்மா சாவ."

"கழுத்துல ஆபரேசன் பண்ணாங்கய்யா. நர்ஸம்மா சொல்லுச்சு. ஒரு வேளகூட வுடக் கூடாதுன்னு."

சால்வையை விலக்கிக் காட்டினாள். கழுத்தின் குறுக்கே ஒரு சிவந்த கோடு. ஜோதிலிங்கம் உற்றுப் பார்த்தார். பதினெட்டு வருஷத்தில் கழுத்தை அறுத்துக்கொண்ட கேஸ்கள் பத்துப் பதினைந்தாவது பார்த்திருப்பார். அடடா, இவள் ஏற்கெனவே ஒருமுறை சாகப் பார்த்தவள்!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு வருஷம் முன்னால் இதே ஸ்டேஷனில் ஒருத்தன் லாக்கப்பில் எதையோ விழுங்கிச் செத்துப்போய், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் சஸ்பெண்ட் ஆனார். சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகுமா? லேபுக்கு அனுப்புகிறோம், மருந்துதான் என்று எழுதி வந்தால் நானே கொண்டுவந்து தருகிறேன், ரெண்டு நாள் பொறுத்துக்கொள் என்று நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார்.

"ரெண்டு நாளு தாங்காதுங்கய்யா," என்றாள் தாயம்மாள்.

சாயந்திரம் ஸ்டேஷன் வாசலுக்குத் தர்மன் வந்தான். அவனும் அதையேதான் சொன்னான். எழுதின சீட்டு இருந்தால் கொண்டு வா, பார்க்கலாம் என்றார் ஜோதிலிங்கம். சீட்டு நீங்கள் சீல் வைத்த வீட்டில் இருக்கிறது என்றான் தர்மன். அப்படியானால் ஆஸ்பத்திரியில் நகல் வாங்கி வா என்றார். படிக்கத் தெரியாத கொத்தனார் கையாள் ஒருவன், டில்லி ஆஸ்பத்திரியில், நகல்! கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். ஆனாலும் போனான்.

புதன்கிழமை.

கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் மெடிக்கல். சர்க்கார் டாக்டர், நாற்பது பேர் வரிசை, வெடவெடக்கும் குளிர். தாயம்மாள் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தியிருந்தாள். அவள் உதடு மரத்துப்போய் ஐந்தாறு மணி நேரம் ஆகியிருந்தது.

டாக்டர் தலை நிமிராமல் ஹிந்தியில் கேட்டார், உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று. ஜோதிலிங்கம் தமிழில் கேட்டார்.

தாயம்மாளுக்கு உயிர் வந்தது. டாக்டர் ஆச்சே! மூச்சு விடாமல் கொட்டினாள். "கழுத்துக் கட்டிய எடுத்தாங்கய்யா. மாத்தர முழுங்கி ஒரு நாளுக்கு மேல ஆவுது. உதடு மரத்துப் போச்சு. வெரலுல எறும்பு ஊறுறாப்புல இருக்குது. இதுக்கப்புறம் கை இழுக்கும்னு நர்ஸம்மா சொல்லுச்சு. ஒரே ஒரு மாத்தர குடுக்கச் சொல்லுங்கய்யா."

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர் ஹிந்தியில்.

வெளியே ஜீப் நின்றது. பதினோரு மணிக்குக் கோர்ட். விளக்கினால் டாக்டர் அட்மிட் செய்வார், காவலுக்கு ஆள் போட வேண்டும், ரிமாண்ட் தள்ளிப்போகும்.

"ஒண்ணுமில்ல டாக்டர் சாப். பயந்து போயிருக்கா," என்றார் ஜோதிலிங்கம் ஹிந்தியில்.

டாக்டர் ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் குத்தினார். 'காவலில் வைக்க உடல் தகுதியுள்ளவர்' என்று சீட்டில் விழுந்தது.

தாயம்மாள் டாக்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். தான் சொன்னதெல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்றே நினைத்தாள், பாவி. ஜீப்பில் ஏறி வெகுநேரம் வரைக்கும் மாத்திரை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மாஜிஸ்டிரேட் இரண்டு நாள் போலீஸ் காவல் கொடுத்தார்.

வியாழன் காலை பத்து மணி.

லாக்கப்பிலிருந்து சந்தோஷ் ஓடிவந்தாள். தாயம்மாளின் இரண்டு கையும் மணிக்கட்டில் மடங்கி, ஐந்து விரலும் கூம்பி, திருநீறு அள்ளுகிற மாதிரி நின்றுவிட்டன. பிரிக்க முடியவில்லை. தாடை இறுகியிருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

ஜோதிலிங்கம் வந்து பார்த்தார். ஒரு நிமிஷம் அவருக்கே புல்லரித்தது. ஊரில் காளியம்மன் கோயில் திருவிழாவில் சித்தி ருக்மிணிக்கு அருள் வந்தால் கை இப்படித்தான் நிற்கும்! கற்பூரம் காட்டி, வேப்பிலை அடித்து, நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடும். ஒன்றுமே தெரியாத மனிதராக இருந்திருந்தால் பயந்திருப்பார். இவருக்குத்தான் எல்லாம் தெரியுமே.

டாக்டரைக் கூப்பிடலாம் சார் என்றாள் சந்தோஷ்.

"வேணாம். இது எங்க ஊர்ல சகஜம். சாமி வந்திருக்கு. இல்லேன்னா நடிப்பு. எங்க பொம்பளைங்கள எனக்குத் தெரியும்," என்றார் ஹிந்தியில்.

சந்தோஷுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத் தன் மடியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். தாயம்மாள் பல்லிடுக்கில் ஏதோ முனகினாள். சந்தோஷ் 'அச்சா, அச்சா' என்றாள். வேறென்ன சொல்வாள்?

அதே பத்து மணி. பெரிய ஆஸ்பத்திரி.

இரண்டு நாளாகக் கவுண்டர் கவுண்டராக அலைந்த தர்மன், டூட்டி முடிந்து படியிறங்கிய கோமளாவின் காலில் விழாத குறையாக விஷயத்தைச் சொன்னான். கோமளாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஒரு காகிதத்தில் ஹிந்தியில் பெரிசாக எழுதினாள். மாத்திரை ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். ஆட்டோவுக்குப் பணமும் கொடுத்து, ஒரு நிமிஷம்கூட நிற்காதீங்கண்ணே என்று விரட்டினாள். தானும் போனுக்கு ஓடினாள். ஸ்டேஷன் நம்பர் எங்கேஜ்டாகவே இருந்தது.

தர்மன் ஆட்டோ பிடித்தான். குடியரசு தின அணிவகுப்பு ஒத்திகை! பாதைக்குப் பாதை தடுப்பு. பீரங்கி வண்டிகள் நிதானமாக ஊர்ந்தன. ஆட்டோக்காரன் எஞ்சினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான். தர்மன் இறங்கி ஓடத் தொடங்கினான்.

ஸ்டேஷன் போன் ஏன் எங்கேஜ்டு?

இன்ஸ்பெக்டர் தஹியா பேசிக்கொண்டிருந்தார். எதிர்முனையில் போஸ்ட்மார்ட்டம் டாக்டர். குழந்தைசாமிக்கு இருதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டிருந்தது. மாரடைப்பு. சாவு செவ்வாய் விடிகாலையிலேயே நடந்துவிட்டது. வயிற்றில் பாலும் இல்லை, ஒரு சொட்டு விஷமும் இல்லை.

கொலையே இல்லை!

தஹியா போனை வைத்துவிட்டு, அந்த அம்மாவை அனுப்பிவிடு என்றார். ஜோதிலிங்கத்துக்கு நிஜமாகவே சந்தோஷம். ஒரு டீயும் பன்னும் வாங்கிக்கொண்டு தானே லாக்கப்புக்குப் போனார்.

"எந்திரிம்மா. உன்மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குப் போகலாம்."

தாயம்மாள் மூச்சை இழுத்தாள். உள்ளே போகும் மூச்சு விசில் மாதிரிக் கீச்சென்று சத்தம் போட்டது. உதடு நீலம். கண் மட்டும் அவரையே பார்த்தது. சாமி வந்தவர்களின் கண் அப்படி இருக்காது. அந்தக் கண்ணில் நல்ல தெளிவு இருந்தது, கெஞ்சல் இருந்தது.

கொலை இல்லை என்றால்... அந்தத் தூள் விஷம் இல்லை. விஷம் இல்லை என்றால்... அவள் சொன்னது...

ஜோதிலிங்கத்தின் கையிலிருந்து டீ விழுந்தது.

ஓடினார். பறிமுதல் அறையில் பொட்டலத்தைப் பிடுங்கினார். எழுத்தர் கையெழுத்து கேட்டான். அவனைத் தள்ளிவிட்டு அரக்கைப் பல்லால் கடித்து உடைத்தார். ஒரு மாத்திரையைத் தண்ணீரில் நசுக்கி அவள் வாயில் ஊற்றப் பார்த்தார். தாடை திறக்கவில்லை. கடைவாயில் வெள்ளையாக வழிந்தது. "தாயி, வாயத் திற தாயி," என்று அழுதார். ஆமாம், அழுதார். அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

ஜீப் பறந்தது. பக்கத்திலேயே ஒரு ஆஸ்பத்திரி. சந்தோஷ் மடியில் தாயம்மாளின் தலை. வாசலில் இறக்கும்போது அந்தக் கீச்சுச் சத்தம் நின்றிருந்தது.

பதினைந்து நிமிஷம் கழித்து எமர்ஜென்சி டாக்டர் வெளியே வந்து, உயிர் இல்லை என்று தலையை ஆட்டினார். சின்ன வயசு டாக்டர். பெஞ்சில் மாத்திரைப் பொட்டலத்தோடு மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தான் தர்மன். ஸ்டேஷனுக்குப் போய், விசாரித்து, அங்கிருந்தும் ஓடி வந்திருந்தான். அவன் கையிலிருந்த கோமளாவின் காகிதத்தை வாங்கிப் படித்தார் டாக்டர்.

"கால்சியம்," என்றார் ஹிந்தியில். "வெறும் கால்சியம். நரம்பில் ஒரு ஊசி போட்டிருந்தா இந்நேரம் எழுந்து உட்கார்ந்திருப்பாங்க. இந்த அம்மாவுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ரெண்டு நாளாச் சொல்லியிருப்பாங்களே."



டாக்டர் ஜோதிலிங்கத்தின் காக்கியைப் பார்த்தார்.

"பாவம், மதராசி. உங்க ஸ்டேஷன்ல தமிழ் தெரிஞ்சவங்க ஒருத்தர்கூடவா இல்ல?"

தர்மன் மெல்லத் தலை நிமிர்ந்தான். சந்தோஷ் சுவரைப் பார்த்தாள்.

"நஹீ, டாக்டர் சாப்," என்றார் ஜோதிலிங்கம்.

ஹிந்தி உச்சரிப்பில் ஒரு குறை சொல்ல முடியாது.