அரை ஸ்வரம் இறங்கிய வயலின்

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல் நண்பகல் கடந்தும் ஓயவில்லை. காற்று மட்டும் சற்றே அடங்கியிருந்தது. துப்பறிவாளர் தம் அலுவலகத்தின் சன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பியபோது, நனைந்த குடையுடன் ஒரு பெண்மணி வாசலில் நின்றார். அவர் வயலின் கலைஞர். கையில் ஓர் இசைத்தட்டு. அதன் உறையில் அவருடைய படமே அச்சாகியிருந்தது.

“இந்தத் தட்டுல வாசிச்சிருக்கிறது நான் இல்லைங்க. என் தங்கச்சி. என் பதிவை எடுத்துட்டு, தன்னோடதை மாத்தி வெச்சிருக்கா,” என்றார். “அதுக்கு ஆதாரம் வேணும். சாயங்காலம் ஆறு மணிக்கு இசைச் சங்கத்துல கூட்டம். நான் குடுத்த புகார் மேல முடிவெடுத்து, அவளை வாத்தியக்குழுவுல இருந்து நீக்கப் போறாங்க.”

“ஆதாரம் இல்லைன்னா?”

“அப்பவும் நீக்கிடுவாங்க. என் பேச்சுக்கு அங்க மதிப்பு உண்டு. ஆனா எனக்குத் தூக்கம் வரணுமே.”

துப்பறிவாளரின் மைத்துனர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரே உதவியாளரும் ஆவார். வீட்டார் அவருக்கு இட்ட பெயர் ‘அவசரம்’. “தங்கச்சின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?” என்றார்.

“டி மேஜர் கான்செர்டோ இது, டி சுருதியில அமைஞ்ச மேற்கத்திய உருப்படி. கடைசிப் பகுதியில என் விரல் இவ்வளவு வேகமா ஓடாது. நடுப்பகுதி அழணும், இதுல சிணுங்குது. நான் வாசிக்கும்போது மூச்சு பெருசா வெளிய கேக்கும், கெட்ட பழக்கம். இதுல ஏதோ குழந்தை மூச்சு விடற மாதிரி இருக்கு. இந்த உருப்படியைத் தெரிஞ்சவ, எங்க வீட்டுப் பதிவறைக்கு வந்து போறவ, அவ ஒருத்திதான்.”

“பதிவு செஞ்சது யாரு?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“என் வீட்டுக்காரர். வாத்தியக்குழுவோட பகுதியை முன்னாடியே தனியா ஒலிநாடாவுல எடுத்து வெச்சிருந்தார். அதைக் காதுல மாட்டிக்கிட்டு நான் கூடவே வாசிச்சேன். நாடா பழைய காலத்துச் சுருதியில இருக்குன்னு சொல்லி, தந்தியெல்லாம் அரை ஸ்வரம் இறக்கச் சொன்னார். இறக்கினேன்.”

“தங்கச்சி வாசிக்கும்போது மூச்சு கேக்குமா?”

“அவளா? பக்கத்துல உக்காந்தாலும் கேக்காது.”

துப்பறிவாளர் எழுந்து மேலங்கியை எடுத்தார். படியிறங்கும்போது மைத்துனர் அவர் காதருகே குனிந்தார். “அத்தான், இது வெட்ட வெளிச்சம். தங்கச்சிதான். எதுக்கு மழையில நனையணும்?”

“வெளிச்சம் கண்ணைக் கூசுது, மாப்பிள்ளை. அதான் கிட்டப் போய்ப் பாக்கணும்.”

பதிவறை அந்த வீட்டின் பின்பகுதியில் இருந்தது. சுவரெங்கும் தடித்த கம்பளம். ஒருபுறம் பியானோ, மறுபுறம் நாடாப் பொறியும் இசைத்தட்டு சுழற்றும் பெட்டியும். கணவர் வந்தவர்களை வரவேற்றார், ஆயினும் அமரவில்லை.

துப்பறிவாளர் தட்டைச் சுழலவிட்டு, கான்செர்டோவின் இறுதி நாதம் ஒலித்த கணத்தில் பியானோவில் டி கட்டையை அழுத்தினார். இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒன்றின.

“டி மேஜர் டி மேஜராத்தானே கேக்கும்?” என்றார் மைத்துனர்.

“கேக்கக் கூடாது. இந்த அம்மா தந்தியை அரை ஸ்வரம் இறக்கித்தானே வாசிச்சாங்க? நாடாவும் இறங்கித்தான் இருந்துச்சாம். ரெண்டும் சேர்ந்து தட்டுல எப்படி ஏறிச்சு?”

மைத்துனர் நாடாப் பொறியைத் திரும்பிப் பார்த்தார்.

“நாடாவை வேகமா ஓட்டினா சுருதி ஏறும். ஓட்டமும் கூடும், தந்தி மேல விரல் அதிர்றது சிணுங்கலாகும், மூச்சு குழந்தை மூச்சாகும். வேகத்தைக் கூட்டினதுக்கு அப்புறம் சுருதி சரியா வந்து நிக்கணும்னா, முதல்லயே இறக்கி வெக்கணும். அப்படி இறக்கச் சொன்னவர் ஒருத்தர்தான்.”

இவ்வாறு கூறிய அவர், சுழற்பெட்டியின் வேகத் திருகை மெல்லக் குறைத்து, நடுப்பகுதியில் ஊசியை வைத்தார். இசை தாழ்ந்தது; அடுத்த வரிக்கு முன், ஆழ்ந்த பெரிய மூச்சு ஒன்று அறையில் கேட்டது.

கலைஞர் நாற்காலியின் விளிம்பைப் பற்றிக்கொண்டார். “இது நான்தான்,” என்றார். பிறகு, “இவ்வளவு மெதுவாவா வாசிச்சேன்?” என்றார்.

கணவர் தரையைப் பார்த்தபடி பேசினார். “மணிக்கட்டு சுளுக்கினதுக்கு அப்புறம் உன் வேகம் கொறஞ்சு போச்சு. உனக்கே தெரியல. எனக்குச் சொல்ல மனசு வரல. நாடாவை மெதுவா ஓட்டி, உன்னை அதோட வாசிக்க வெச்சேன். கேட்டா நீ சந்தோஷப்படுவேன்னுதான் நெனச்சேன்.”

“அது பாசம்னே வெச்சுக்கலாம்,” என்றார் துப்பறிவாளர். “கொழுந்தியா மேல பழி விழுந்தப்பவும் வாயைத் திறக்கலையே, அதுக்குப் பேர் என்னங்க?”

கணவருக்கு முகம் கன்றிச் சிவந்தது. “அவ மேல விழுந்த பழி ரெண்டு நாள்ல அடங்கிடும்னு இருந்துட்டேன்.”

மைத்துனரும் தலைகுனிந்தார். முகத்தைக்கூடப் பாராத ஒருத்தியை நண்பகலிலேயே குற்றவாளியாக்கிவிட்டோமே என்ற கூச்சம் அவரை வாட்டியது.

கலைஞர் கணவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. தொலைபேசியை எடுத்துச் சங்கச் செயலாளரிடம், புகார் பொய் என்றும், நாடாவின் வேகம் மாற்றப்பட்டது தம் வீட்டில்தான் என்றும், கூட்டத்தில் அதை அப்படியே படிக்க வேண்டுமென்றும் கூறினார். பிறகு தங்கையின் எண்ணைச் சுழற்றினார்.

நடந்ததனைத்தையும் ஒளியாமல் சொன்னார். “என்னை மன்னிச்சுடுன்னு கேக்க எனக்கு வாய் வரலடி,” என்று முடித்தார்.

மறுமுனையில் தங்கையின் குரல், அறையிலிருந்த அனைவருக்கும் கேட்குமளவு தெளிவாக வந்தது.

“அந்த வேகத்துல நான் வாசிப்பேன்னு நம்பியிருக்கியே, அக்கா. இத்தனை வருஷத்துல என் வாசிப்பைப் பத்தி நீ சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதையும் இப்பத் திருப்பி வாங்கிக்கிட்ட.”

தொடர்பு துண்டிக்கப்பட்டது. அப்போது மாலை ஐந்து மணி நாற்பத்தேழு நிமிடம்.