முகாம் விழுந்த நாள்

நாலு மணிக்கு முன்னமே டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரம் இருண்டுவிட்டிருந்தது. அந்தோனிமுத்து மேசையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை, வைத்த இடத்தில் நிற்காமல் நடுங்கி ஒரு விரற்கடை தூரம் நகர்ந்தது. கனரக வண்டி ஏதும் போகிறதோ என்று யன்னலால் பார்த்தார். தெருவில் தடம் படாத பனி மட்டும்தான் கிடந்தது. திரும்பி வந்து இருந்தபோது, காலுறையையும் மீறி உள்ளங்காலில் ஒரு அதிர்வு பட்டது. பலகைத் தரைக்குக் கீழிருந்து யாரோ மூன்று தரம் தட்டினார்கள்.

அந்த வீட்டுக்கு நிலவறை இல்லை. பலகைக்குக் கீழே ஒரு முழ இடைவெளி, பிறகு மண்.

கைபேசி அடித்தது. பக்கத்து நகரமான ஓகூஸிலிருந்து செல்வரட்ணம். இயக்கத்தில் இருவரும் ஒரே அணி. போர் தோற்றுப் பதினாறு வருடமாகியும், வென்ற சண்டை ஒவ்வொன்றின் தேதியும் செல்வரட்ணத்துக்கு மனப்பாடம்.

"மச்சான், இண்டைக்கு என்ன நாள்?"

"முகாம் விழுந்த நாள்."

"ஓம். ஆமிக்காரன்ர முகாமை ரெண்டே நாளில விழுத்தினம். அவங்கட ஆட்லறிப் பீரங்கி ரெண்டையும் இழுத்துக்கொண்டு வந்தம். சனிக்கிழமை மண்டபத்தில நீதான் பேசவேணும், சனம் கேக்குது."

கீழே மறுபடி தட்டல். இப்போது அவருடைய நாற்காலிக்கு நேர் கீழே.

"மச்சான்... மேற்குப் பக்கத்துப் பங்கர் ஞாபகமிருக்கே?"

"அதுக்குள்ள ஒருத்தரும் இல்லையெண்டு நீதானே சொன்னனி" என்றார் செல்வரட்ணம். தொடர்பு அறுந்தது.

அன்று புல்டோசரை ஓட்டியது செல்வரட்ணம். பதுங்குகுழி வாசலில் நின்று உள்ளே பார்த்தது அந்தோனிமுத்து. உள்ளிருந்து புழுக்கமும் வியர்வையும் இரத்தமும் கலந்த காற்று முகத்தில் அடித்தது, அந்த இருட்டில் ஒரு குரல், "மல்லி... வத்துர" என்றது. சிங்களத்தில், தம்பி, தண்ணி. அதன் பின்னால் இன்னும் பல பேரின் முனகல். முதல்நாள் இரவுதான் அவருடைய சொந்தத் தம்பி முகாமின் மண் அணைக்கு முன்னால் துண்டு துண்டாகிக் கிடந்தான். அவர் வெளியே வந்து, கையை உயர்த்தி, மூடச் சொன்னார். பின்னேரம் சனத்துக்கு இனிப்புக் கொடுத்தார்கள். அவரும் தின்றார். மண்டபங்களில் அந்த வெற்றியை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். பங்கரை ஒருநாளும் சொன்னதில்லை.

தட்டல் நிற்கவில்லை. ஒரு கை அல்ல. சமையலறைப் பக்கம் ஒன்று, சோபாவின் கீழ் ஒன்று, மாதா படத்தடியில் ஒன்று. பூட்டிய வீட்டுக்குள் டீசல் மணத்தது. பலகை இடுக்குகளால் சூடான காற்று வந்தது. அதோடு அந்தக் குரலும் வந்தது. வயது ஏறாத குரல்.

"மல்லி."

"யேசுவே, போதும்" என்று அவர் காதைப் பொத்தினார். பொத்திய கைகளுக்குள்ளும் கேட்டது.

கொட்டிலுக்கு ஓடி இரும்பு அலவாங்கோடு வந்தார். இந்தமுறை எடுத்துவிடலாம். எடுத்துத் தண்ணி கொடுக்கலாம். மன்னிப்புக் கேட்கலாம். முழந்தாளிட்டு ஒரு பலகையைக் கிளப்பினார். ஆணி கீச்சிட்டது. இடைவெளி இருக்கவில்லை. பலகையின் அடி வரை வெண்மணல். வெளியே நிலம் கல்லாய் உறைந்திருந்தது, மணல் சுட்டது.

கையால் அள்ளினார். நகம் கிழிந்தது. அள்ளினார்.

"வாறன். பொறுங்கோ, வாறன்."

முழங்கை வரை விட்டார். விரல்கள் பட்டன. உயிருள்ள விரல்கள். அவை அவருடைய மணிக்கட்டைப் பிடித்தன.

அதே நேரம் வாசல் பூட்டில் திறப்பு திரும்பியது. மகள் றொஷானி. முதியோர் பராமரிப்பு வேலை முடிந்து வருகிறாள். இருபத்து மூன்று வயது. அப்பாவின் வெற்றிக் கதைகளைக் கைதட்டிக் கேட்டு வளர்ந்தவள்.

அவள் பார்க்கக்கூடாது.

அந்தோனிமுத்து கையை உதறி விடுவித்தார். மணலைத் தள்ளினார். அசைந்துகொண்டிருந்த விரல்களின் மேல் தள்ளினார். அழுத்தினார். பலகையைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றார்.

"என்னப்பா செய்யிறியள்? கையெல்லாம் ரத்தம்!"

"எலி, பிள்ளை. எலி."

அவள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். நடு அறையில் நின்றாள். தன் பாதங்களைப் பார்த்தாள்.

"அப்பா, ஆரோ தட்டுகினம்."

"ஒருத்தருமில்லை. வெளியில வா. வா எண்டெல்லே சொல்லுறன்!"

அவள் வரவில்லை. பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் விழுந்து கிடக்கும் கிழவர்களின் முனகலைக் கேட்டுக் கண்டுபிடிப்பது அவளுடைய தொழில். மெல்லக் குந்தினாள். பிறகு குப்புறப் படுத்து, காதைப் பலகையில் வைத்தாள். "யார் அங்கே?" என்று டேனிஷில் கேட்டாள்.

தட்டல் நின்றது. எல்லா இடத்திலும்.

"தண்ணி கேக்கினம்" என்றாள் றொஷானி, கண்ணை மூடியபடி. "அப்பா, கனபேர்."

அவளைத் தூக்க அவர் குனிந்தார். கால் எழவில்லை. அவளுடைய கன்னத்துக்குப் பக்கத்து இடுக்கில் மணல் பொங்கி வழிந்தது. அதிலிருந்து ஒரு விரல் வந்தது. பிறகு நாலு. அவை அவளுடைய தலைமயிரைத் தடவிப் பார்த்தன, மெல்லச் சுற்றிக்கொண்டன. அடுத்த இடுக்கிலும் விரல்கள். அதற்கடுத்ததிலும். சுவரிலிருந்து சுவர் வரை, பலகைக்குப் பலகை, மணல் அப்பிய விரல்கள் எழுந்து காற்றில் துழாவின. அவற்றின் நடுவே அவருடைய மகள் அசையாமல் கிடந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.