பேச்சியம்மாவின் வாக்குமூலம்

மடுல்கெல்லத் தோட்ட ஆஸ்பத்திரியின் கடைசி வார்டுக்குச் சுந்தரலிங்கம் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. 1972ஆம் ஆண்டு, ஆனி மாதம். மழைமூட்டத்தால் பகலிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மருந்து நெடியோடு ஈரக் கம்பளியின் வாடை.

யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பதினொரு வருடமாகக் கண்டி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். தமிழில் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சிங்களத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. அன்று அவரை அழைத்து வந்தவர் இன்ஸ்பெக்டர் அபேகோன், யாரையும் அதட்டத் தெரியாத மனிதர்.

பொலிஸ் காவலில் இருந்த பேச்சியம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். முந்தாநாள் மத்தியானம் சோறு தின்றுகொண்டிருந்த கணவனை, செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் வெட்டிக் கொன்றிருந்தாள். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. இரண்டு மாதத்தில் கண்டிப் பக்கம் இது மூன்றாவது கொலை. ஒன்றுக்கும் காரணம் கிடைக்கவில்லை.

தன் தலைவலிக்கு ஒரு வைத்தியர் வந்து, கண்ணை மூடச் சொன்னதாக அவள் சொன்னாள். அப்படியொருவரைத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் வேறு யாரும் பார்த்திருக்கவில்லை. அவர் என்ன சொன்னார் என்று இன்ஸ்பெக்டர் கேட்கச் சொன்னார்.

"தண்ணி விழுற சத்தத்தக் கேளுன்னாரு," என்று முணுமுணுத்தாள் பேச்சியம்மா. "ஒன் கை ஒன்னுது இல்ல. அது தூங்கட்டும். முழிக்கிறப்ப அதுக்கே வேல தெரியும்னாரு."

சுந்தரலிங்கம் ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் சொன்னார். சொல்லச் சொல்லத் தன் குரல் தணிந்து, இழுபட்டு, வேறு யாருடையதோ போல ஆவது அவருக்கே கேட்டது.

நிறுத்தப் பார்த்தார்.

முடியவில்லை.

இன்ஸ்பெக்டரின் பேனை தாளில் அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு முறை சொல்லும்படி மெல்லக் கேட்டார். சுந்தரலிங்கம் சொன்னார்.

ஐந்தாம் நாள் அபேகோன் தன் அண்ணனுக்குத் தேநீர் கொடுத்துவிட்டு, பின்னால் போய் நின்று கழுத்தை நெரித்துக் கொன்றார்.

செய்தி கேட்டுச் சுந்தரலிங்கம் பொலிஸ் நிலையத்துக்கு ஓடினார். கம்பிகளுக்குப் பின்னால் அபேகோன் அழாமல் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த வலது கையைக் காட்டி, இது யாருடையது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

சுந்தரலிங்கத்துக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வைத்தியருக்கு ஊர் ஊராக நடக்கக் கால் தேவையில்லை. ஒரு வாய் போதும்.

அன்றே லீவு எழுதிக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டை வீட்டுக்கு வந்து, தொண்டை நோகிறது என்று மனைவி சந்திரிகாவிடம் சைகையால் காட்டினார். வேண்டியதைத் தாளில் எழுதினார். மூன்று நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

நான்காம் நாள் காலை சந்திரிகா முற்றத்தில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். பிள்ளை கண்ணை மூடி, தலையைச் சற்றுச் சாய்த்தபடி அசையாமல் இருந்தாள்.

சந்திரிகா நிமிர்ந்து பார்த்தாள்.

"பகல் முழுக்க வாய் திறக்கிறியள் இல்லை," என்றாள். "ராவு ராவாப் பிள்ளையின்ர காதுக்குள்ள என்ன சொல்லிக்கொண்டிருக்கிறியள்?"