பால் தட்டில் ஐந்து வட்டங்கள்

கிட்ட வாங்க, கண்ணுகளா. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் தோளைப் பிடித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஒரு ஆய்வாளன் கதை சொல்கிறேன்.

அவன் விட்டது ஒரே ஒரு துளி. தட்டில் விழுந்திருந்ததோ ஐந்து வட்டம்.

பால் கலந்து உறையவைத்த வெள்ளைத் தட்டு அது. நொதி பட்ட இடத்தில் பால் கரைந்து கண்ணாடியாய்த் தெளிந்துவிடும். முறைப்படிதான் செய்திருந்தான்: பூஞ்சை வளர்த்த நீரைத் துணியில் வடித்து, சுழற்றிக் கசடை ஒதுக்கி, பனிக்கட்டிமேல் வைத்து உப்பைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, திரிந்து இறங்கிய நொதியைப் பதமாக அள்ளியிருந்தான். நாளை இதைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். தட்டு தெளிந்தால் பூஞ்சை அவன் கண்டுபிடிப்பு என்றாகிவிடும்.

உண்மையில் அதைக் கண்டுபிடித்தவள் வேறொருத்தி. கூட வேலை பார்த்தவள். போன மாதம் உலர்ந்த நொதித்தூளைச் சலிக்கச் சொன்னான். அவள் முகமூடி கேட்டாள்.

“மாவு சலிக்க மணப்பெண் அலங்காரமா? சும்மா சலிம்மா.”

தூள் நெஞ்சை அடைத்தது. உலர்த்தும் அறைக்குள்ளிருந்து கண்ணாடிக் கதவைத் தட்டினாள். “அண்ணே… திறங்கண்ணே…” தட்டல் ஓயும்வரை வெளித் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்திருந்தான். விபத்து என்று ஊர் நம்பியது.

இப்போது ஐந்து வட்டம். விரல் நுனிகள் பதிந்ததுபோல. கண் கோளாறு என்று தனக்கே சொல்லிக்கொண்டான். விடுமுறை மதியம், குளிர்பெட்டியின் முனகல், ஈரப் பூஞ்சை வாடை, அவற்றுக்கு அடியில், உலர்த்தும் அறையிலிருந்து மெல்ல மெல்ல ஒரு சத்தம்.

சர்… சர்…

சல்லடை.

“யாரு?”

“நான்தாண்ணே. இன்னும் கொஞ்சம்தான்.”

மூச்சு இரைக்காத குரல்.

உள்ளே பாய்ந்தான். யாருமில்லை. மேசைமேல் சல்லடை, அசையாமல். பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது.

கூரையிலிருந்து வெள்ளைத் தூள் இறங்கியது. இமையில். உதட்டில். கன்னத்தில். துடைத்தான். வலியில்லை. துடைத்த கை வழுக்கியது.

கதவைத் தட்டினான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள். தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்தபடி.

“அவசரமில்லண்ணே. தெளியட்டும்.”

கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. கத்த நினைத்தான். வாய் திறக்கவேயில்லை. அதற்குள் கன்னம் பால் தட்டுப்போலக் கரைந்து பற்கள் எல்லாம் தெரிந்தன, கடைவாய்வரை.

போய்ப் படுங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யார் கூப்பிட்டாலும் உடனே ஓடிவர ஒரு ஆள் இருக்கட்டும். எல்லாரும் மூச்சு முட்டாமல், நல்லபடியாகத் தூங்கி எழுந்திருக்கட்டும்.