துடைக்காத பதிவு

மாங்கேணி மீனவர் சங்கத்துக்கு விதுர்ஷா வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். காலையில் வள்ளங்கள் கடலுக்குப் போன கையோடு இடி விழுந்து, கணினியில் இருந்த பதிவுகள் சிதைந்துவிட்டன. போகும்போதும் திரும்பும்போதும் ஒரு கருவியின் கண்ணாடியில் பெருவிரல் வைத்துப் பதியும் அந்த முறையை அமைத்தவள் அவள்தான். திரும்பாதவரைத் தேடிப் போவது அந்தப் பதிவைப் பார்த்துத்தான்.

"இண்டைக்கு ஆர் ஆர் போனதெண்டே தெரியல்ல மகள். காத்தும் மாறுது," என்றார் சங்கச் செயலாளர் சாமித்தம்பி.

விதுர்ஷா கணினியைத் திறந்தாள். இடத்தை மிச்சம் பிடிக்க, பதிவு சரியா பழுதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணை அவள் வைக்கவில்லை. நீக்கிய பதிவையும் துடைப்பதில்லை. நீக்கியது என்று குறி மட்டும் இடுவாள். என்றாவது மீட்க உதவும் என்ற நினைப்பு. இப்போது குறிகளும் சிதைந்து கிடந்தன. சந்தேகமான பதிவுகளைத் தள்ளினால் கடலில் இருப்பவர்களின் பெயரும் போய்விடும். எல்லாவற்றையும் மீட்டால் நீக்கப்பட்டவர்களும் வந்துவிடுவார்கள்.

நீக்கியது ஒருவனைத்தான். அவள் கணவன் நிலோஜன்.

கடலுக்குப் போனவனின் உடல் கிடைக்காமல் தர்ப்பையில் உருச் செய்து எரித்தார்கள். அன்றே அவன் பெயரை அவள் நீக்கினாள். அழுகை வரவில்லை. அன்று மரத்துப்போன மனம் இன்னும் அப்படியேதான் இருந்தது.

எல்லாவற்றையும் மீட்டாள்.

பெயர்கள் வந்தன. சாமித்தம்பிக்கு மூச்சு வந்தது. கடைசியில் நிலோஜன். போன நேரம் இருந்தது, திரும்பிய நேரத்துக்கான இடம் வெறுமை. அதை மறுபடி நீக்க அவளுக்குக் கை வரவில்லை.

பின்னேரம் வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஆட்கள் வரிசையாக விரல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஒவ்வொரு விரலுக்கும் கருவி கீச்சிட்டது. போனவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று சாமித்தம்பி கதவைச் சாத்தினார்.

கருவி மறுபடி கீச்சிட்டது.

அறையில் அவர்கள் இருவர்தான். எங்கிருந்தோ அழுகிய பாசி மணந்தது.

"பாக்காத மகள்," என்று சாமித்தம்பி கிசுகிசுத்தார்.

அவள் பார்த்தாள். திரையில் நிலோஜன் பெயருக்கு நேரே, திரும்பினார் என்று விழுந்திருந்தது.

பயமும் வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை. எழுந்து கருவிக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடியில் ஈரமாக ஒரு பெருவிரல் ரேகை. முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தாள்.

ஈரம் கண்ணாடிக்கு உட்புறம் இருந்தது.